திருப்பார்வைத் திருத்தம்

நான் கடைகளுக்கு போர்டு எழுதுகிறவன். 'இங்கே பஞ்சர் ஒட்டப்படும்', 'கடன் கேட்காதீர்', 'செருப்பை வெளியே விடவும்' என்று ஊரில் நீங்கள் படித்து எரிச்சல்பட்ட வாசகங்களில் பாதி என் கைவண்ணம்தான். தள்ளுபடி சமயங்களில் கடைக் கண்ணாடியில் தண்ணீர்ப் பெயிண்டால் கொட்டை எழுத்தில் எழுதித் தருவேன். தள்ளுபடி முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் சுத்தமாகப் போய்விடும். இப்படிப்பட்டவனுக்கு ஒரு மகானின் கண்ணில் கைவைக்கும் தகுதி எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. திருவுருவப் பாதுகாப்பு வாரியத்துக்குத்தான் தெரியும். தங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்று அவர்கள் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை.

வாரியம் பாதுகாப்பது ஒரே ஒரு படத்தை. பிரார்த்தனைக் கூடத்தின் முன்சுவர் முழுக்க எண்ணெய்ப் பெயிண்டில் தீட்டிய பழைய ஓவியம் அது. மகான் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறார். காலில் செருப்பில்லை. கண்கள் கொஞ்சம் தாழ்ந்து, ஓரமாக எதையோ பார்க்கின்றன. வரைந்தவன் பேர் யாருக்கும் தெரியாது. இந்த ஒரு படத்தைப் பாதுகாக்க வாரியத்தில் நாற்பத்தொரு பேர் வேலை பார்த்தார்கள். படத்தின் வரலாற்றைப் பாதுகாக்க ஒரு பிரிவு, புகழைப் பாதுகாக்க ஒரு பிரிவு, இந்த இரண்டு பிரிவுகளும் அடித்துக்கொள்ளாமல் பாதுகாக்க ஒரு ஒருங்கிணைப்பாளர். படத்தின் மேல் படியும் தூசியைத் துடைப்பது மட்டும் நாற்பத்திரண்டாவது ஆள். அது என் மனைவி. கூடம் கழுவுவதும் அவள்தான். தினக்கூலி என்பதால் அவளை ஆளாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. கூடத்துக்குப் பின்னால் துடைப்பங்கள் வைக்கக் கொடுத்திருந்த அறையில் துடைப்பங்களோடு நாங்களும் குடியிருந்தோம்.

கூடத்தின் முன்வரிசையில், படத்தைப் பார்த்தபடி, வலப்பக்கம் பளிங்கு மேடையில் பதித்த நாற்காலி வாரியத் தலைவருடையது. இடப்பக்கம் இருந்தது வாரியத்துக்குப் பணம் கொடுக்கும் புரவலருடையது. அது இரண்டு விரற்கடை உயரம் குறைவு. அந்த இரண்டு விரற்கடைக்காக அவர்கள் இருவரும் ஏழு வருடமாக நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை.

எல்லாம் ஆண்டுவிழாப் பேச்சில் தொடங்கியது. தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"இந்த நாற்காலியில நான் உட்கார்ந்து பதினோரு வருஷம் ஆச்சு. ஒருநாள்கூட எனக்கு என்மேல சந்தேகம் வந்ததில்ல. ஏன்? மகான் என்னையே பாத்துக்கிட்டு இருக்காரு! அவர் பார்வை என்மேல இல்லைன்னா, நான் இங்க உட்கார்றதுக்கு வேற என்ன தகுதி இருக்கு?"

கைதட்டல் ஓய்வதற்குள் புரவலர் எழுந்தார். "அருமையான கேள்வி. அளந்து பாத்துடலாமே" என்றார்.

சபையில் எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டதால் தலைவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. மறுவாரம் நில அளவையாளர் ஒருவர் வந்தார். வயல் வரப்புச் சண்டைகளை அளந்தே முடி நரைத்த மனிதர். சாரம் கட்டி ஏறி, மகானின் கருவிழியில் ஒரு நூல் முனையை ஒட்டினார். கோணம் பார்த்தார், கணக்குப் போட்டார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் கணக்குப் போட்டார். மூன்று நாள் கழித்து நூலைக் கடைசிவரை இழுத்துக் கட்டினார். நூல் தலைவரின் தலைக்கு மேலே போயிற்று. புரவலர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வரிசைகளை எல்லாம் தாண்டி, பின்கோடியில் மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில், கழிப்பறைக் கதவோரம் இறங்கியது. அங்கே ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது.

அளவையாளரின் அறிக்கை ஒரே வரி: 'பார்வை சென்று சேரும் பொருள்: வாளி, நீலம், ஒன்று.'

நாற்பத்தொரு பேரும் வரிசையாகப் போய் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்கள். செயலாளர் குறிப்பேட்டில் இப்படி எழுதினார்: 'வாளியில் அழுக்குத் தண்ணீர் இருந்தது. முக்கியஸ்தர் எவரும் இல்லை.'

முதல் அவசரக் கூட்டத்தில் வாளியை அப்புறப்படுத்தினார்கள். அப்போது பார்வை வெறும் தரையில் விழுந்தது. வெறும் தரை தலைமைப் பொறுப்பை ஏற்க முடியாது என்று சட்டப்பிரிவு கருத்துச் சொன்னது. இரண்டாவது கூட்டத்தில் தலைவரின் நாற்காலியையே அங்கே கொண்டுபோவது என்று முடிவாயிற்று. பளிங்கைப் பெயர்ப்பதற்கு முன் ஒத்திகைக்காக ஒரு மடக்கு நாற்காலி போட்டு, தலைவர் ஒரு மணிநேரம் அங்கே உட்கார்ந்து பார்த்தார். அந்த ஒரு மணிநேரத்தில் கழிப்பறைக் கதவு நான்கு முறை திறந்து அவர் முழங்காலில் இடித்தது. நான்காவது முறை வெளியே வந்தவர் புரவலர். அவர் உள்ளே போனதை யாரும் பார்க்கவில்லை என்றும், வெளியே வருவதற்காகவே உள்ளே இருந்தார் என்றும் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாவது கூட்டத்தில்தான் அந்தத் தீர்மானம் நிறைவேறியது. நாற்காலி நகராது என்றால் பார்வை நகரட்டும்.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். செயலாளரின் அறையில் உட்காரச் சொன்னார்கள். இத்தனை வருடத்தில் உட்காரச் சொன்னது அதுதான் முதல்முறை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

"வாங்க பெயிண்டர். சின்ன வேலைதான். கருவிழிய அரை நெல்லளவு தள்ளி வைக்கணும். தலைவர் பக்கமா."

"சார், நான் போர்டு எழுதறவன். மகான் கண்ணுல எல்லாம்..."

"பெரிய ஓவியர்களைக் கூப்பிட்டா கருத்துச் சொல்வாங்க. உங்களுக்குக் கருத்து கிடையாதே?"

"இல்ல சார்."

"அதான் வேணும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. விதி பதினாலு. எண்ணெய், கெரசின், டர்பன்டைன் வாசனை உள்ள எதுவும் திருமுகத்துக்குப் பக்கத்துல வரக்கூடாது. தீட்டாயிடும். தண்ணிப் பெயிண்ட்டுதான்."

"சார், அந்தப் படமே எண்ணெய்ப் பெயிண்ட்டுல போட்டதுதான் சார். அதுமேல தண்ணிப் பெயிண்ட்டு அடிச்சா..."

"நீங்க வரையற ஆளு. விதி எழுதறவங்க நாங்க. உங்க வேலைய நாங்க சொல்லித்தரமாட்டோம். எங்க வேலைய நீங்க சொல்லித்தராதீங்க."

கடைசியாக ஒரு முயற்சி பண்ணி, "வேற யாரையாவது பாருங்களேன் சார்" என்றேன். செயலாளர் அன்போடு சிரித்தார்.

"உங்க வீட்டுக்காரம்மா இங்கதானே வேலை பாக்கறாங்க? நீங்க குடியிருக்கற ரூமும் நம்ம ரூம்தானே? சும்மா விசாரிச்சேன், அவ்வளவுதான்."

மத்தியானம் சாப்பிடும்போது இதை ஒரு வேடிக்கையாக என் மனைவியிடம் சொன்னேன். நூல் போன வழி, வாளிக்குள் நாற்பத்தொரு தலைகள், தலைவரின் முழங்கால் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். சாதாரணமாக அவள் நன்றாகச் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"அது என் வாளி" என்றாள்.

"தெரியும். அதான் தமாஷு."

"தினமும் காலையில முதல்ல அங்கதான் வாளிய வைப்பேன். ஏன்னு நீங்க கேட்டதே இல்ல."

நான் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி ஒரு விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

"பாப்பா போனப்புறம் யாருமே என் மூஞ்சியப் பாத்துப் பேசல. பாத்தா நான் அழுதுடுவேன்னு எல்லாருக்கும் பயம். நீங்களும்தான். ஒம்போது வருஷமாத் தட்டப் பாத்துப் பேசறீங்க, செவுத்தப் பாத்துப் பேசறீங்க. ஒருநாள் அந்தத் தூண்கிட்ட குனிஞ்சு துடைச்சுட்டு நிமிந்தேன். அவர் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அளக்கறவரு வந்து சொல்லித்தான் உங்களுக்குத் தெரியுது. எனக்கு அன்னைக்கே தெரியும். தினமும் அங்க நின்னு அவர்கிட்டதான் பாப்பாவப் பத்திப் பேசறேன். இருந்திருந்தா இந்நேரம் எவ்வளவு உசரம் இருப்பா, என்ன படிப்பா, எல்லாம். அவர் கண்ண எடுக்கவே மாட்டாரு."

எங்கள் மகள் நாலு வயதில் மூன்று நாள் காய்ச்சலில் போனவள். என் மனைவி இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதும் நான் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கண்ணத் திருப்பப்போறது நீங்களா?" என்று கேட்டாள்.

"மாட்டேன்னு சொன்னா இந்த ரூமு..."

"தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். ஒருவன் தன்னையே காறித் துப்பிக்கொள்ள முடியும் என்றால் அன்றைக்கு நான் செய்திருப்பேன்.

வேலையை எடுத்துக்கொண்டேன். சாரத்தின்மேல் எனக்குப் பின்னால் ஏழு பேர் கொண்ட மேற்பார்வைக் குழு நின்றது. ஒருவர் தூரிகையைப் பார்த்தார், ஒருவர் கிண்ணத்தைப் பார்த்தார், ஒருவர் மற்ற ஆறு பேரைப் பார்த்தார். பழைய கண்ணின்மேல் வெள்ளை அடித்து, கருவிழியை அரை நெல்லளவு தள்ளி வைத்தேன். திரை விலக்கு விழா நடந்தது. தன்னைப் பார்த்த பார்வையைப் பார்த்துத் தலைவர் கண்ணீர் விட்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்களும் உடனே கண்ணீர் விட்டார்கள். பின்வரிசைவரை கண்ணீர் போய்ச்சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

புரவலர் அழவில்லை. மேலிடத்துக்குப் போய் ஒரு கடிதத்தோடு வந்தார். மகான் தன்னைப் பார்க்காமல் முகம் திருப்பிக்கொண்டது புரவலர் பதவிக்கே இழுக்கு என்று அதில் கண்டிருந்தது. மூன்று நாள் கூட்டம் நடந்தது. முடிவில் ஒரு சமரசம் கண்டார்கள். மகானின் ஒரு கண் தலைவருக்கு, மற்றொரு கண் புரவலருக்கு.

"சார், அப்படி வரைஞ்சா மாறுகண் ஆயிடும்" என்றேன்.

தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "யோவ் பெயிண்டர்! மகானுக்கு மாறுகண்ணா? நாக்க அடக்கிப் பேசு. இது இருதரப்பையும் அரவணைக்கிற பார்வை!"

அரவணைக்கிற பார்வையை வரைந்தேன். மகானின் ஒரு கண் ஒரு சுவரையும் மறுகண் எதிர்ச் சுவரையும் பார்த்தது. கும்பிட வந்த ஜனங்கள் நிமிர்ந்து பார்த்ததும் கையைக் கீழே போட்டார்கள். சிலர் தலையைக் குனிந்தபடி வெளியே ஓடிப்போய் அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். வாரியம் உடனே ஒரு போர்டு வைத்தது: 'மகானை நோக்கிச் சிரித்தல் தடைசெய்யப்பட்டுள்ளது.' அந்த போர்டையும் நான்தான் எழுதினேன்.

என் மனைவி தூணுக்குப் பக்கம் வாளி வைப்பதை நிறுத்திவிட்டாள். மேலே பார்க்காமலே கூடத்தைக் கழுவினாள். வீட்டிலும் வாயைத் திறக்கவில்லை. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நான் வாழ்க்கையில் முதல்முறையாக வாரியத்தாரிடம் ஒரு யோசனை சொன்னேன்.

"சார், கடை போர்டுல ஆள் படம் வரையறப்போ கண்ண நேரா வச்சுடுவோம். எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் நம்மளையே பாக்கற மாதிரி இருக்கும். அப்படி வச்சா தலைவர் ஐயாவையும் பாக்கும், புரவலர் ஐயாவையும் பாக்கும்."

மூன்றாவது தூணையும் பார்க்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அனுமதி கிடைத்தது. வரைந்து முடித்ததும் தலைவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து, "என்னைத்தான்!" என்றார். புரவலரும் தன் நாற்காலியில் உட்கார்ந்து, "என்னைத்தான்!" என்றார். ஏழு வருடத்துக்குப் பிறகு இருவரும் கைகுலுக்கினார்கள். என் மனைவியைக் கூட்டிப்போய்த் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். நிமிர்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது அவர் இல்ல. எல்லாரையும் பாக்கறதாக் காட்டிக்கிட்டு யாரையும் பாக்கல. பல்பொடி விளம்பரத்துல இருக்கற ஆள் மாதிரி இருக்காரு" என்று சொல்லிவிட்டுத் தரை துடைக்கப் போனாள்.

பதினோரு நாள் அமைதியாகப் போயிற்று. பன்னிரண்டாம் நாள் தலைவர் கழிப்பறைக்குப் போய்விட்டு வெளியே வந்தார். எதிரே நிமிர்ந்தால், மகான் அங்கேயும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் பூரித்துப்போனார். பிறகுதான் தனக்குப் பக்கத்தில் துடைப்பத்தோடு ஒருத்தி நிற்பதைக் கவனித்தார்.

"உன்னையுமா பாக்கறாரு?"

"ஆமாங்கய்யா" என்றாள் என் மனைவி.

தலைவர் செருப்பு வைக்கும் இடத்துக்கு ஓடினார். அங்கேயும் பார்த்தார் மகான். ஜன்னலோரம் ஓடினார். தண்ணீர்க் குழாயடிக்கு ஓடினார். ஒரு பெஞ்சின் பின்னால் உட்கார்ந்து மெல்லத் தலையை நீட்டிப் பார்த்தார். தப்பிக்க வழியே இல்லை. அன்று மாலை அவசரக் கூட்டத்தில் அவர் பேசியதை, பெஞ்சு நகர்த்தப் போயிருந்த நான் என் காதால் கேட்டேன்.

"எல்லாரையும் பாக்கறதுக்குப் பேரு திருப்பார்வையா? வேடிக்கை! செருப்புப் போடற இடத்தப் பாக்கறாரு. குழாயப் பாக்கறாரு. தரை துடைக்கற பொம்பளையப் பாக்கற அதே கண்ணு என்னையும் பாக்குதுன்னா, எனக்கும் அவளுக்கும் என்னய்யா வித்தியாசம்? இந்த நாற்காலிய எடுத்துட்டா நான் யாரு? சொல்லுங்கய்யா, நான் யாரு?"

புரவலர் எழுந்து, "தலைவர் சொல்றதுதான் எனக்கும். பாத்தா நம்மளப் பாக்கணும். இல்ல, யாரையும் பாக்கவே கூடாது" என்றார். வாரிய வரலாற்றில் அவர்கள் இருவரும் ஒரே தீர்மானத்துக்குக் கைதூக்கியது அதுதான் முதல்முறை. மகானின் கண்களை மூடிவிடுவது என்று முடிவாயிற்று. தீர்மானத்தின் தலைப்பு 'தியானத் திருத்தம்'.

நான் கிண்ணத்தில் நிறம் கலக்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி வந்து நின்றாள்.

"அடியில பழைய கண்ணு இருக்கா?"

"இருக்கு. அதச் சுரண்டல. அதுமேலதான் எல்லாம் அடிச்சிருக்கேன்."

"எந்தப் பெயிண்ட்டு?"

அப்போதுதான் நான் தூரிகையைக் கீழே வைத்தேன். தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே எனக்குத் தெரியாத சுருக்கங்கள் விழுந்திருந்தன. அழுதுவிடுவாள் என்று ஒன்பது வருடமாகப் பயந்தேன். அழுதது நான்தான்.

"தண்ணிப் பெயிண்ட்டு. விதி பதினாலு" என்றேன்.

அவளும் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "மெல்லிசா அடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூடிய கண்களின் திரை விலக்கு விழா முந்தைய விழாக்களைவிடப் பெரிதாக நடந்தது. "மகான் ஏன் கண்ண மூடினாரு?" என்று தலைவர் முழங்கினார். "நம்ம மேல அவ்வளவு நம்பிக்கை! நாம பாத்துக்குவோம்னு தெரிஞ்சுதான் மூடிட்டாரு!" மகான் இனி யாரையும் பார்க்கப்போவதில்லை என்பதால், நாற்காலிகள் மகானைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று புரவலர் எடுத்துக்காட்டினார். மறுநாளே பளிங்கைப் பெயர்த்து இரண்டு நாற்காலிகளையும் ஜனங்களைப் பார்க்கத் திருப்பிவைத்தார்கள். படம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. இரண்டு நாற்காலியையும் ஒரே உயரத்துக்கும் கொண்டுவந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை, கூடம் திறப்பதற்கு முன், என் மனைவி நீளக் கம்பின் நுனியில் துணியைச் சுற்றி, வாளியில் முக்கிப் பிழிந்து, மகானின் முகத்தைத் துடைத்தாள். அவள் கூலி வாங்குகிற வேலையே அதுதான். தியானம் போயிற்று, பல்பொடிக்காரர் போனார், அரவணைப்பு போயிற்று, தலைவர் பக்கத்துப் பார்வையும் போயிற்று. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. வாளித் தண்ணீர் சாம்பல் நிறமாயிற்று. வாளியைக் கொண்டுபோய் மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். நானும் போய் அவள் பக்கத்தில் நின்றேன். பாப்பா இருந்திருந்தால் இந்நேரம் அவள் தோளுக்கு வந்திருப்பாள் என்று சொன்னாள். என் தோளுக்கே வந்திருப்பாள் என்றேன். அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் சண்டை போட்டோம்.

அன்று கும்பிட வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே நின்றார்கள். யாரும் போய் வாரியத்தில் சொல்லவில்லை. கூட்டம் பழையபடி சேர ஆரம்பித்தது. கண்ணை மூடியதால்தான் கூட்டம் பெருகியது என்று வாரியம் ஆண்டறிக்கையில் அச்சடித்தது.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. நேற்று வருடாந்திர ஆய்வு. தலைவரும் புரவலரும் தங்கள் நாற்காலிகளில் ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் படத்துக்கு நேர் கீழே மேஜை போட்டு, சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தார். ஆய்வு என்றால் போன வருடம் எழுதியதைப் பார்த்து இந்த வருடமும் எழுதுவது. 'திருக்கண்கள்: மூடிய நிலையில், நன்றாக உள்ளன' என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார். அவர் தலைக்கு மேலே மகான் கண்ணைத் திறந்து உட்கார்ந்திருந்தார்.

என் மனைவி தரை துடைத்துக்கொண்டே மேஜைக்குக் கீழே வந்தாள்.

"கால கொஞ்சம் தூக்குங்க சார்."

செயலாளர் பதிவேட்டிலிருந்து தலையை எடுக்காமல் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.